இருபது நிமிடத்தில் ஒரு ராகம்

இசைக் கல்லூரிச் செய்முறைத் தேர்வு பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு



இத்தகைய பொழிவுகளில் வாக்கேயக்காரர் ஒருவரின் வாழ்க்கையையோ ஒரு ராகத்தின் இலக்கணத்தையோ எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். நான் செய்முறைத் தேர்வைப் பற்றிப் பேச விரும்பினேன். வயலின் ஆசிரியராகவும், பிற கல்லூரிகளுக்குப் புறத்தேர்வாளராகவும் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். நம் இசைக் கல்வியின் போக்கைத் தேர்வு அறை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதை அருகிலிருந்து கண்டிருக்கிறேன். பாடத்திட்டத்தைக் குழு எழுதுகிறது. ஆசிரியர் அதைப் படித்துப் பாடம் நடத்துகிறார். ஆனால் மாணவர் வீட்டில் எதைச் சாதகம் செய்வார் என்பது, தேர்வு அறையில் அவருக்குக் கிடைக்கப்போகும் நேரத்தைப் பொறுத்தது. அங்கே கேட்க நேரமில்லாத எதுவும் நாளடைவில் வகுப்பிலிருந்தும் மறைந்துவிடும்.

தேர்வு நாளை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்கு முடிக்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மீதி 6 மணி நேரத்தில் 18 பேரைக் கேட்டாக வேண்டுமென்றால் ஒருவருக்கு 20 நிமிடம். உள்ளே வந்து வணங்கி, உட்கார்ந்து, சுருதி சேர்க்க 3 நிமிடம் போகும். வாய்மொழிக் கேள்விகளுக்கு ஒரு 3 நிமிடம். எஞ்சிய 14 நிமிடத்தில் ஒரு வர்ணம் இரண்டு காலத்தில், இரண்டு மூன்று கீர்த்தனைகள், கொஞ்சம் கற்பனை ஸ்வரம், ஒரு ராகம். அகத்தேர்வாளரும் புறத்தேர்வாளரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், "அனுபல்லவி போதும், அடுத்தது பாடும்மா" என்று சொல்லாமல் இருக்க முடியாது. ராகத்துக்கு மிஞ்சுவது 3 நிமிடம். அந்த 3 நிமிடத்துக்குத் தோடியைப் பாடச் சொன்னால், காந்தாரத்தின் அசைவு கையில் வருவதற்குள் முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாணவர்கள் புத்திசாலிகள். 3 நிமிடத்துக்கு என்ன தேவையோ அதைத் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். ஆசிரியர் எழுதிக்கொடுத்த ஆலாபனை, பிடியிலிருந்து முத்தாய்ப்பு வரை மனப்பாடம். கற்பனை ஸ்வரமும் அப்படித்தான். நான்கு சிறிய சுற்று, இரண்டு பெரிய சுற்று, எடுப்பில் வந்து விழும் ஒரு கோர்வை, எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாம் வைத்த அளவுகோலுக்கு அவர்கள் நேர்மையாகத் தயாராகி வந்திருக்கிறார்கள்.

இந்த அளவுகோல் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். குருவின் வீட்டில் தங்கிக் கற்ற காலத்தில், சீடர் மேடைக்கு ஏறத் தகுந்தவராகிவிட்டாரா என்பதை குருவே தீர்மானித்தார். அதற்கு நாள் குறிப்பிட முடியாது. சிலருக்கு ஏழு வருடம், சிலருக்குப் பன்னிரண்டு வருடம். பிறகு நிறுவனங்கள் வந்தன. 1927 இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி அகில இந்திய இசை மாநாடு கூடியது. அதன் விளைவாக 1928 இல் மியூசிக் அகாடமி தோன்றியது. 1929 இல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் இசைக்கு டிப்ளமா படிப்பை ஏற்படுத்தி, டைகர் வரதாச்சாரியாரை அதற்குத் தலைமையேற்கச் செய்தது. 1949 இல் அரசின் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி சென்னையில் பிறந்தபோது முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வரானார். இப்பெயர்களைக் கவனியுங்கள். மேடையின் உச்சத்தில் இருந்த வித்வான்கள் மணியடித்ததும் தொடங்கி மணியடித்ததும் முடியும் வகுப்பறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். கல்லூரி என்றால் ஆண்டு உண்டு, ஆண்டு என்றால் தேர்வு உண்டு.

அந்தத் தேர்வு செய்த நன்மையை நான் ஒருபோதும் சிறுமைப்படுத்தமாட்டேன். இசைக் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்கும், குருவின் வீட்டில் போய்த் தங்க முடியாத பெண்களுக்கும் கதவைத் திறந்தது கல்லூரிதான். ராணி மேரி கல்லூரியில் பேராசிரியர் சாம்பமூர்த்தியிடம் இசையைப் பாடமாகப் படித்த பெண்கள், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆசிரியைகளாகி அடுத்த தலைமுறைக்கு இசை சொல்லிக்கொடுத்தார்கள். அரசு தொழில்நுட்பத் தேர்வுகளின் கீழ்நிலை, மேல்நிலை இசைச் சான்றிதழ், யாரிடம் கற்றிருந்தாலும் ஒருவருக்கு வேலை பெறும் தகுதியைக் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் வட இலங்கைச் சங்கீத சபை இதே பணியைத் தரம் தரமாக வகுத்த தேர்வுகளால் செய்தது.

இத்தனை பேருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டுமென்றால், எண்ணக்கூடியவற்றைத்தான் வைக்க முடியும். இத்தனை கீதம், இத்தனை ஜதிஸ்வரம், இத்தனை வர்ணம், இந்த ராகங்களில் இத்தனை கிருதிகள். சாம்பமூர்த்தி ஆறு பாகமாக எழுதிய தென்னிந்திய இசை நூல்கள் இந்தப் படிமுறைக்குத் தெளிவான வடிவம் கொடுத்தன. எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருந்தது. பட்டியலில் உள்ளதை மாணவர் சரியாகப் பாடிவிட்டால், தேர்வாளருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மதிப்பெண் போட்டாக வேண்டும். தேர்வாளரின் மனப்போக்கிலிருந்து மாணவரைக் காப்பாற்றும் வேலி அது. அந்த வேலியை எடுக்கச் சொல்லி நான் இங்கே வரவில்லை.

ஆனால் நம்முடைய இசையில் பாதிக்கு மேல் எண்ணிக்கைக்குள் வராதது. ஆலாபனை, தானம், நிரவல், கற்பனை ஸ்வரம், பல்லவி என்று மனோதர்மத்தின் ஐந்து உறுப்புகளும், அந்த நேரத்தில் அந்த இடத்தில் உருவாக வேண்டியவை. இதைத் தேர்வு எப்படி எதிர்கொள்கிறது? இங்கே மேல்நாட்டு இசைத் தேர்வு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட, 1889 இல் தொடங்கிய ஏபிஆர்எஸ்எம் வாரியத்தின் தேர்வை இன்று நம் ஊர்ப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். அதன் ப்ராக்டிகல் கிரேடு தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண். தயார் செய்துவரும் மூன்று உருப்படிகளுக்குத் தலா 30. ஸ்கேல் முதலான பயிற்சிகளுக்கு 21. முன்பின் பார்த்திராத இசைக் குறிப்பை அங்கேயே பார்த்து வாசிப்பதற்கு 21. தேர்வாளர் வாசிப்பதைக் காதால் கேட்டு விடை சொல்வதற்கு 18. 100 எடுத்தால் தேர்ச்சி.

கடைசி இரண்டையும் கூட்டினால் 39. முழு மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம். எழுதிவைத்ததை எழுதியபடி வாசிப்பதே பிரதானமாக இருக்கும் ஒரு இசைமரபு, மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாத ஒன்றுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறது. மேடையிலேயே பிறக்கும் இசையை உயிராகக் கொண்ட நாம், முன்கூட்டித் தெரியாததை மாணவரிடம் கேட்க எத்தனை மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறோம்? உங்கள் கல்லூரியின் பாடத்திட்டத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தயார் செய்த ஆலாபனையா, அப்போது பிறக்கும் ஆலாபனையா என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. கல்யாணி பாடுகிற பிள்ளையிடம், "நிஷாதத்திலிருந்து தொடங்கு" என்று சொல்லலாம். "மத்யமத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் நடுவில் மட்டும் இரண்டு நிமிடம் பாடு" என்று கேட்கலாம். பாடமான ஆலாபனை அந்த இடத்தில் நின்றுவிடும். ராகம் உள்ளே இருக்கிற பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிடும். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வகுப்பில் சுமாரான பிள்ளை என்று சொல்லப்பட்ட ஒரு பெண், காம்போதியில் தைவதத்தை மட்டும் சுற்றிச் சுற்றிப் பாடியபோது இரண்டு தேர்வாளர்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். கற்பனை ஸ்வரத்துக்கு, பல்லவி எடுப்பை விட்டு அனுபல்லவியின் எடுப்புக்குப் பாடச் சொன்னால் போதும். சமத்தில் எடுக்கும் கிருதிக்குத் தயார் செய்த கோர்வை, அரை இடத்திலோ முக்கால் இடத்திலோ எடுக்கும் கிருதிக்குப் பொருந்தாது. மாணவர் அங்கேயே யோசித்துக் கணக்கை மாற்ற வேண்டும். அந்த யோசனையைக் கேட்பதற்குத்தான் நாம் பயணம் செய்து வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

பல்லவியில் இந்தக் குறை இன்னும் பெரியது. பட்டப்படிப்பின் கடைசி ஆண்டிலும் முதுகலையிலும் பல்லவி உண்டு. திரிகாலம், திஸ்ரம், அனுலோமம், பிரதிலோமம் எல்லாம் உண்டு. ஆனால் ஆசிரியர் கொடுத்த ஒரே பல்லவியைப் பருவம் முழுவதும் பாடம் பண்ணி, தேர்வில் ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள். தஞ்சை அரசவையில் பொப்பிலி கேசவையாவின் சவாலைச் சியாமா சாஸ்திரிகள் எதிர்கொண்டார் என்று வழிவழியாகச் சொல்கிறோமே, பல்லவிக்கு அந்த மரபல்லவா? சவால் வேண்டாம். தேர்வு நாள் காலையில் ஒரு எளிய பல்லவியை, ஆதி தாளத்தில், இரண்டு களையில், கையில் கொடுத்து, மாலையில் வந்து பாடச் சொல்லலாம். நடுவில் உள்ள நாலைந்து மணி நேரத்தில் ஒரு மாணவர் செய்யும் வேலை, பருவம் முழுவதும் செய்த மனப்பாடத்தைவிட அவருக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

அடுத்தது பக்கவாத்தியம். இது எனக்கு மிகவும் வேண்டிய விஷயம், நான் வயலின்காரன் என்பதால். வாய்ப்பாட்டு மாணவர் சுருதிப்பெட்டியோடு தனியாகப் பாடுகிறார். அடுத்த அறையில் மிருதங்க மாணவர், தானே சொற்கட்டைச் சொல்லி, தானே தனி ஆவர்த்தனம் வாசிக்கிறார். மற்றோர் அறையில் வயலின் மாணவர் வர்ணமும் கிருதியும் தனி வாத்தியமாக வாசிக்கிறார். மூவரும் ஒரே கட்டடத்தில், ஒரே நாளில், ஒருவரை ஒருவர் சந்திக்காமல் தேர்ச்சி பெறுகிறார்கள்.

மிருதங்கம் கற்றவரின் வாழ்க்கையில் தனி ஆவர்த்தனம் சிறு பகுதி. மீதி நேரமெல்லாம் முன்பு கேட்டிராத பாட்டுக்கு வாசிப்பது. பாடகர் பாட்டைத் தொடங்கியதும் எடுப்பு எங்கே என்று பிடிக்க வேண்டும். காலப்பிரமாணத்தைத் தாங்க வேண்டும். விளம்ப காலக் கிருதியில் சர்வலகுவாகப் போய், சங்கதிகள் வளரும்போது கூடவே வளர்ந்து, அனுபல்லவி முடிவில் ஒரு மோரா வைத்து முடிக்க வேண்டும். எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய படிப்பு. வயலினுக்கும் அதேதான். பாடகரின் ராகத்தை நிழல்போலத் தொடர்ந்து, அவர் நிறுத்தியதும் தனக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தில் அதே ராகத்துக்கு வேறு முகம் காட்ட வேண்டும். இவற்றில் ஒன்றையும் நம் தேர்வு தொடுவதில்லை என்றால், பக்கவாத்தியம் கற்றவருக்கு அவர் தொழிலில் நாம் தேர்வே வைக்கவில்லை என்று பொருள்.

மூன்று துறை மாணவர்களையும் சேர்த்து உட்காரவைத்தால் ஒருவர் தவறு மற்றவர் மதிப்பெண்ணைக் கெடுத்துவிடுமே என்பார்கள். உண்மையான கவலை. அதற்கு வழி உண்டு. பாட்டுத் தேர்வுக்கு ஆசிரியர்களோ மேல் வகுப்பு மாணவர்களோ பக்கம் வாசிக்கட்டும். மிருதங்கத் தேர்வுக்கும் வயலின் தேர்வுக்கும் ஆசிரியர் ஒருவர் பாடட்டும், பட்டியலில் இல்லாத ஒரு கிருதியை. தேர்வு எழுதுபவர் ஒருவர்தான், உடன் இருப்பவர்கள் துணை. கச்சேரியையே தேர்வாக வைப்பதும் புதிதல்ல. அமெரிக்க இசைக் கல்லூரிகளில் வாசிப்பை முதன்மையாகக் கொண்டவர்களுக்கு இரண்டு வகைச் சோதனை இருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பருவ முடிவிலும் ஆசிரியர் குழுவின் முன் சில நிமிடம் வாசிக்கும் 'ஜூரி', படிப்பின் பிற்பகுதியில் பார்வையாளர் முன்னிலையில் நடத்தும் 'ரிசைட்டல்'. பயிற்சியை ஒன்றிலும் கச்சேரியை மற்றொன்றிலும் பார்க்கிறார்கள். அரியக்குடி வகுத்த கச்சேரி பத்ததியைப் பெருமையாகச் சொல்லும் நாம், நம் மாணவருக்கு ஒரு மணி நேரக் கச்சேரியையாவது தேர்வாக வைக்கலாம்.

வீணைக்கும் நாகஸ்வரத்துக்கும் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. தாழ்வாரத்து வெயிலிலிருந்து குளிரூட்டிய அறைக்குள் வீணையைக் கொண்டுவந்தால் சுருதி கலையும். மாணவி பிரடையைத் திருகிக்கொண்டிருக்கும்போது தேர்வாளர் கடிகாரத்தைப் பார்ப்பது நியாயமாகாது. சுருதி சேர்ப்பதையே மதிப்பெண்ணுக்கு உரியதாக வைக்கலாம், அது வித்தையின் ஒரு பகுதிதானே. நாகஸ்வரத்துக்குச் சீவாளி பதம் வர வேண்டும். திறந்த வெளிக்காக வளர்ந்த வாத்தியத்தை மூடிய சிறு அறையில், தவில் இல்லாமல், 20 நிமிடம் கேட்டு மதிப்பிடுவது அந்த வாத்தியத்துக்குச் செய்யும் அநீதி. ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்காக வாசித்தார் என்று வகுப்பில் சொல்லிவிட்டு, தேர்வில் 3 நிமிடம் கொடுக்கிறோம். நாகஸ்வர மாணவர்களின் தேர்வைக் கல்லூரியின் திறந்த மண்டபத்தில், தவிலோடு, மாலை நேரத்தில் வைக்க ஏன் கூடாது?

தேவாரப் பண்ணிசையில் இன்னொரு வகைச் சிக்கல். வாய்மொழித் தேர்வில், பழம்பஞ்சுரத்துக்கு நேரான ராகம் எது என்றால் சங்கராபரணம் என்று சட்டென்று விடை வரும். மேகராகக் குறிஞ்சி என்றால் நீலாம்பரி. புறநீர்மை என்றால் பூபாளம். பட்டியல் தெரிகிறது. பண் தெரிகிறதா என்று பார்க்க வேறு வழி இருக்கிறது. ஒரு பதிகத்தின் முதல் பாட்டைக் கற்றவரிடம், அதே பதிகத்தில் அவர் பாடம் பண்ணாத எட்டாவது பாட்டைக் கொடுத்துப் பாடச் சொல்ல வேண்டும். ஓதுவார்கள் அப்படித்தான் பாடுகிறார்கள். பண்ணும் கட்டளையும் மனத்தில் நின்றால், சொற்கள் மாறினாலும் பாட்டு ஓடும்.

பாடாந்தரம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் கண்ணீர் விடுவது இதனால்தான். ஒரு கிருதி ஒரு வழியில் ஒரு மாதிரி, வேறு வழியில் வேறு மாதிரி. சுப்பராம தீட்சிதர் 1904 இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் உள்ள முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளை இன்று மேடையில் பாடப்படும் வடிவங்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு வேறுபாடு தெரிகிறது! இதை நன்கு அறிந்த தேர்வாளரே, தான் கற்ற சங்கதி வரவில்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். பாடாந்தர வேறுபாடு பிழையல்ல என்று தேர்வு விதியிலேயே எழுத வேண்டும். ஸ்வர ஸ்தானம் தவறினால், சுருதி விலகினால், தாளம் புரண்டால், ராகத்துக்கு அயலான பிரயோகம் வந்தால், சாகித்தியம் சிதைந்தால் குறைக்கட்டும். எந்த வழியில் கற்றார் என்பதை மாணவர் தன் பட்டியலில் குறிப்பிட்டுவிட்டால் வாதமே வராது.

தொண்டையைப் பற்றியும் ஒரு விதி தேவை. எழுத்துத் தேர்வைச் சளியோடு எழுதிவிடலாம். பாட முடியாது. தேர்வு நாளில் குரல் கட்டிய பிள்ளை அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டிய நிலை பல இடங்களில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் மாற்று நாள் ஒன்றை அட்டவணையிலேயே அச்சிட்டுவிட்டால் எவ்வளவோ துயரம் குறையும்.

இனி என் கோரிக்கை. இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மாணவருக்கும் 45 நிமிடம் வேண்டும். இதற்கு நாட்கள் அதிகமாகும், புறத்தேர்வாளரின் படியும் பயணச் செலவும் கூடும். அறிவியல் துறைகளின் ஆய்வகத் தேர்வுகளுக்குப் பல நாட்கள் ஒதுக்குகிற பல்கலைக்கழகம் இதற்கும் ஒதுக்கலாம். செலவைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் உருப்படிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பருவத்துக்குப் பத்து கிருதிகளை அரைகுறையாகப் பாடுவதைவிட, ஐந்து கிருதிகளைச் சங்கதி சுத்தமாக, எந்த வரியிலும் நிரவல் செய்யும் அளவுக்குப் பாடுவது மேல். அந்த 45 நிமிடத்துக்குப் பக்கவாத்தியம் இருக்கட்டும், விரும்பும் கீழ் வகுப்பு மாணவர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்கட்டும். மதிப்பெண்ணில் 100க்குக் குறைந்தது 30, தேர்வாளர் அங்கேயே கேட்கும் முன்தயாரிப்பில்லாத இசைக்கு இருக்கட்டும். ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு, தேர்வாளர் ஒரு வரியாவது குறிப்பு எழுதி, அந்தத் தாளின் நகல் மாணவர் கைக்குப் போகட்டும். எங்கே குறைந்தது என்று தெரியாமல் வெறும் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைக்கு அடுத்து எதைச் சாதகம் செய்வது என்று எப்படித் தெரியும்?

இவை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்பதை அறிவேன். பக்கவாத்தியத்தோடு தேர்வு, தேர்வாளரின் குறிப்புத் தாள் இரண்டையும் தொடங்கப் புதிய நிதி அதிகம் தேவைப்படாது. இந்த அவையில் பாடத்திட்டக் குழுவின் உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த இரண்டையும் முதல் பொருளாகச் சேர்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வரைவு விதிகளை எழுத வேண்டுமென்றால் நானே வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.